தட்டைப் பூமியில் சூரியன் எப்படி மறையும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூமி தட்டையானது என்று சொல்லும் காணொளிகள் தமிழிலும் வலம் வருகின்றன. அவற்றைப் பார்த்தவர்களுக்கு எழும் சந்தேகங்களில் உதயம், அஸ்தமனம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

தட்டைப் பூமிக்காரர்கள் சூரியனை எங்கே வைக்கிறார்கள்?

தலைக்கு மேலே, மிக அருகில். அவர்களுடைய படத்தில் பூமி ஒரு வட்டத் தட்டு. நடுவில் வட துருவம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு வட்டமாக நிலநடுக்கோடு போகிறது. அண்டார்க்டிகா ஒரு கண்டமே அல்ல. தட்டின் விளிம்பு நெடுக நிற்கும் பனிச்சுவர். ஐ.நா. கொடியில் இருக்கும் உலகப்படமும் வட துருவத்தை நடுவில் வைத்து இதே முறையில் வரையப்பட்டதுதான். அதைக் காட்டி "ஐ.நா.வே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சொல்பவர்களும் உண்டு.

இந்தத் தட்டுக்கு மேலே சுமார் 5,000 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் தரைக்கு இணையாக வட்டமடிக்கிறது; நாளுக்கு ஒரு சுற்று. ஜூனில் கடகரேகைக்கு நேர் மேலே சின்ன வட்டம், டிசம்பரில் மகரரேகைக்கு நேர் மேலே பெரிய வட்டம். பெரிய வட்டத்தின் சுற்றளவு சின்னதைப் போல 1.7 மடங்கு. ஆனால் இரண்டையும் 24 மணி நேரத்திலேயே முடித்தாக வேண்டும். ஆகவே ஜூனில் மணிக்கு 1,900 கி.மீ. அளவில் போகும் சூரியன் டிசம்பரில் 3,300 கி.மீ. வேகம் பிடிக்க வேண்டும். எது அதை முடுக்குகிறது, எது மறுபடி அடக்குகிறது என்பதற்கு அவர்களிடம் பதில் கிடையாது.

உயரம் குறித்தும் ஆதியில் ஒரு முடிவு இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'பேரலாக்ஸ்' என்ற புனைபெயரில் எழுதிய சாமுவேல் ரோபாதம், சூரியன் 700 மைலுக்கும் குறைவான உயரத்தில் இருப்பதாகக் கணக்குக் காட்டினார். அவருக்குப் பின், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சயன் என்ற ஊரையே தன் பிடியில் வைத்திருந்த மதபோதகர் வில்பர் கிளென் வொலிவா அதை 3,000 மைல் உயரம், 32 மைல் குறுக்களவு என்று ஆக்கினார். பூமிக்கு ஒளி தரும் சூரியனைக் கடவுள் பக்கத்தில்தானே வைப்பார், சயனில் வீடு கட்டுகிறவன் அதற்கான விளக்கைப் பக்கத்து மாநிலத்து ஊரிலா கொண்டுபோய் வைப்பான் என்பது அவர் வாதம். அந்த 3,000 மைல்தான் இன்றைய 5,000 கி.மீ.

அந்த 5,000 கிலோமீட்டர் எப்படிக் கிடைத்தது?

மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகியவற்றை ஒட்டி, இரவும் பகலும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள்களில், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். அன்று 45 பாகை வட அட்சரேகையில் இருப்பவர் நண்பகலில் அளந்தால் சூரியன் 45 பாகை உயரத்தில் தெரியும். நிலநடுக்கோட்டிலிருந்து அவர் 5,000 கி.மீ. தள்ளி இருக்கிறார். தரை தட்டை என்று வைத்துக்கொண்டால், முக்கோணத்தின் இரு பக்கங்களும் சமம்; ஆகவே சூரியனின் உயரமும் 5,000 கி.மீ. கணக்கில் பிழையே இல்லை.

இதே கணக்கை அதே நாளில் வேறு ஊரில் போட்டுப் பாருங்கள். சென்னை 13 பாகையில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியனின் உயரம் 77 பாகை, நிலநடுக்கோட்டிலிருந்து தூரம் சுமார் 1,445 கி.மீ. விடை 6,250 கி.மீ.க்குச் சற்று மேலே வரும். 60 பாகையை ஒட்டிய ஹெல்சிங்கியில் போட்டால் 3,850 கி.மீ. அளவில் வரும். வட துருவத்தில் அன்று சூரியன் அடிவானத்தைத் தொட்டபடி சுற்றும். அங்கே விடை பூஜ்யம். அதாவது, ஒரே நாளில் சூரியன் சென்னைக்கு மேல் ஒரு உயரத்திலும், ஹெல்சிங்கிக்கு வேறு உயரத்திலும், துருவத்தில் தரையிலும் இருக்க வேண்டும். பூமி உருண்டை, சூரியன் 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கோணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. காணொளிகளில் 45 பாகை ஊர் மட்டும் வருவதற்குக் காரணம் வேறு ஊர்களைச் சேர்த்தால் கதை உடைந்துவிடும் என்பதுதான்.

சூரியன் கீழே இறங்குவதே இல்லை என்றால், மாலையில் எப்படி மறைகிறது?

இதற்கு ஒரு பதில் கிடையாது, மூன்று இருக்கின்றன. தூரம் போகப் போகப் பொருள்கள் அடிவானத்தை நோக்கித் தாழ்ந்து தெரியும் என்பது முதலாவது. சூரியன் டார்ச் விளக்கைப் போலக் கீழே மட்டும் ஒளி வீசுகிறது, அந்த வட்டத்துக்கு வெளியே இரவு என்பது இரண்டாவது. ஒளிக்கதிர் வளைந்து வருவதால் மேலே இருக்கும் சூரியன் கீழே தெரிகிறது என்பது மூன்றாவது. ஒன்றில் மடக்கினால் மற்றொன்றுக்குத் தாவுவது வழக்கம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதைத் தாவும்போது யாரும் சொல்வதில்லை.

ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் சூரியனும் அடிவானத்தில் சேர்கிறது என்கிறார்களே? அது சரிதானே?

ரோபாதம் காலத்து வாதம் இது. இன்றும் அதிகம் பேர் சொல்வதும் இதுதான். தண்டவாளம் ஒன்றுசேர்வதாகத் தெரிவது உண்மை. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தாழும் என்று அளந்து பார்ப்பதுதான் மிச்சம்.

சம இரவு நாளில் நிலநடுக்கோட்டில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நண்பகலில் சூரியன் உச்சியில், 5,000 கி.மீ. மேலே. மாலை ஆறு மணிக்கு அது தன் வட்டத்தில் கால் பங்கு நகர்ந்திருக்கும். அந்த வட்டத்தின் ஆரம் 10,000 கி.மீ. ஆகவே உங்களுக்கும் சூரியனுக்கு நேர் கீழே உள்ள இடத்துக்கும் இடையே தரை வழியாக 14,100 கி.மீ. உயரம் அதே 5,000. இதை வகுத்துக் கோணம் எடுத்தால் 19.5 பாகை வரும். கையை முழுக்க நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்துக்கு மேல் இரண்டு முட்டி உயரத்தில் சூரியன் நிற்கிறது. கடிகாரத்திலோ மணி ஆறு.

நள்ளிரவில் சூரியன் தட்டின் எதிர்ப் பக்கத்தில், 20,000 கி.மீ. தள்ளி இருக்கும். அப்போதும் உயரம் 14 பாகை. தட்டின் எந்த மூலையில் போய் நின்றாலும், ஆண்டின் எந்த நாளாக இருந்தாலும், அது 8 பாகைக்குக் கீழே இறங்காது. தூரத்தோற்றம் என்ற விதியை அவர்கள் சொல்கிறபடியே கடைப்பிடித்தால் தட்டைப் பூமியில் அஸ்தமனம் என்ற ஒன்றே இருக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் விலகிப் போகும் பஸ் முழுதாகச் சிறுத்துப் புள்ளியாகும். சக்கரம் முதலில் மறைந்து, பிறகு ஜன்னல் மறைந்து, கூரை மட்டும் அப்படியே பெரிதாக நிற்பதில்லை. சூரியன் மறைவது இரண்டாவது விதத்தில்தான். முழு வட்டம், முக்கால், அரை, மேல் விளிம்பில் ஒரு கீற்று, பிறகு ஒன்றுமில்லை. அகலமோ கடைசிவரை குறைவதில்லை.

தூரம் போனால் சூரியன் சிறியதாகத் தெரிய வேண்டுமே?

தெரியத்தான் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் நண்பகலில் சூரியன் 5,000 கி.மீ. தூரத்தில் இருந்தது. மாலை ஆறு மணிக்கு நேர்க்கோட்டுத் தூரம் 15,000 கி.மீ. மூன்று மடங்கு தூரம் என்றால் மூன்றில் ஒரு பங்கு அளவு. உண்மையில் காலை, நண்பகல், மாலை எப்போது அளந்தாலும் சூரியனின் அகலம் சுமார் அரைப் பாகைதான்.

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம்: சூரியன் விலக விலக இடையில் உள்ள காற்று அதை லென்ஸ்போலப் பெரிதாக்கிக் காட்டுகிறது. எவ்வளவு சிறுக்கிறதோ மிகச் சரியாக அவ்வளவு, ஒவ்வொரு நொடியும், மழைக்காலத்திலும் கோடையிலும், கடற்கரையிலும் பாலைவனத்திலும். அப்படி ஒரு காற்று இருந்தால், பக்கத்தில் தெரியும் நிலாவுக்கும் விண்மீன்களுக்கும் அது அதையே செய்ய வேண்டும். அடிவானத்தை நெருங்கும்போது காற்று செய்வது வேறு வேலை. சூரியனின் கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிடச் சற்று அதிகமாகத் தூக்கிக் காட்டுவதால் வட்டம் நசுங்குகிறது. மேல்-கீழ் அளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. பெரிதாவதற்குப் பதில் சிறியதாகிறது. மாலைச் சூரியன் பிரம்மாண்டமாகத் தெரிவது நம் மூளை செய்யும் மயக்கம். கேமரா அதில் ஏமாறுவதில்லை.

மறைந்த சூரியனைக் கேமராவில் ஜூம் செய்து திரும்பக் கொண்டுவரும் காணொளி இருக்கிறதே?

2015இல் வந்த நிக்கான் பி900, 83 மடங்கு ஜூம் உள்ள கேமரா, தட்டைப் பூமிக்காரர்களிடையே ஏறக்குறைய வழிபாட்டுப் பொருள். அந்தக் காணொளிகளைக் கவனித்துப் பாருங்கள்: திரும்ப வரும் சூரியன் முதலில் மறைந்திருக்கவே இல்லை. அடிவானத்துக்குச் சற்று மேலே, புகைமூட்டத்தில் மங்கி, சின்னப் புள்ளியாகத் தெரிந்ததை ஜூம் செய்கிறார்கள். பாதி கடலுக்குள் போன சூரியனின் மறைந்த பாதியை ஜூம் கொண்டு மீட்ட காணொளி ஒன்று வந்தால் பேசலாம்.

"சூரியன் சிறுத்துக்கொண்டே போகிறது பார்" என்று காட்டும் காணொளிகளில் நடப்பது வேறு. வடிகட்டி இல்லாமல் எடுப்பதால் கூசும் ஒளி வட்டத்தைச் சுற்றிப் பரவி, சூரியன் பல மடங்கு பெரிதாகப் பதிவாகிறது. மாலையில் கூச்சம் குறைய அந்தப் பரவல் சுருங்குகிறது. சூரிய வடிகட்டி போட்டு எடுத்தால் அளவு மாறாது. வடிகட்டி போட்டால் சூரியப் புள்ளிகளும் தெரியும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 5,000 கி.மீ. உயரத்தில் ஓர் உருண்டை தொங்கினால் அதை ஜப்பானிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்கமும் எகிப்திலிருந்து பார்ப்பவருக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பார்ப்பது அதே புள்ளிகளைத்தான்.

டார்ச் விளக்கு வாதத்தில் என்ன குறை?

விளக்கின் ஒளிவட்டத்துக்கு வெளியே நின்றால் இருட்டாக இருக்கும் என்பது சரி. அப்போது சூரியன் வானத்தின் நடுவில், இரண்டு முட்டி உயரத்தில், மங்கி அணைய வேண்டும். அடிவானக் கோடு அதைக் கீழிருந்து அறுத்துக்கொண்டு வருவது எதற்காக? அங்கேயே வாதம் நின்றுவிடுகிறது.

டிசம்பர் மாதம் இன்னும் மோசம். அப்போது வட துருவப் பகுதி முழு இருட்டு, அண்டார்க்டிகா முழுக்க 24 மணி நேரமும் வெளிச்சம். தட்டைப் படத்தில் இதை வண்ணம் தீட்டிப் பாருங்கள். மகரரேகைக்கு மேல் நிற்கும் விளக்கு, 12,600 கி.மீ. தொலைவில் உள்ள வட துருவத்தை எட்டாமல், அதைத் தாண்டி எதிர்ப் பக்கத்தில் 30,000 கி.மீ. தொலைவில் உள்ள பனிச்சுவரை மட்டும் வெளிச்சமாக்க வேண்டும். நடுவில் இருட்டை விட்டு விளிம்பைச் சுற்றி வளையமாக ஒளி வீசும் டார்ச்சை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஒளிவிலகலால் சூரியன் இடம் மாறித் தெரியும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. அடிவானத்தில் காற்று சூரியனை சுமார் 34 கலை, அதாவது அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே, உயர்த்திக் காட்டுகிறது. சூரியனின் அகலமும் ஏறக்குறைய 32 கலைதான். ஆகவே மாலையில் சூரியனின் அடி விளிம்பு கடலைத் தொடுவதாக நீங்கள் பார்க்கும் நேரத்தில், காற்று மட்டும் இல்லையென்றால், அது முழுக்க மறைந்தே போயிருக்கும்.

அதில் இரண்டு விஷயங்கள் தட்டைப் பூமிக்கு எதிராக நிற்கின்றன. முதலாவது அளவு: அவர்களுக்குத் தேவை 20 பாகை, கிடைப்பது அரைப் பாகைச் சொச்சம். இரண்டாவது திசை. காற்று தரையருகே அடர்த்தியாகவும் மேலே போகப் போக மெலிதாகவும் இருப்பதால் கதிர் தரைப் பக்கம் வளைகிறது, பொருள் உயர்ந்து தெரிகிறது. அவர்களுக்கோ சூரியன் தாழ்ந்து தெரிய வேண்டும். கதிர் மேல்பக்கம் வளைய வேண்டும். இந்தச் சங்கடத்தை உணர்ந்த சிலர் காற்றை விட்டுவிட்டு, ஒளியே இயல்பாக மேல்நோக்கி வளைகிறது என்று சொல்லி அதற்கு 'மின்காந்த முடுக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. எந்த ஆய்வுக்கூடத்திலும் அப்படி ஒரு வளைவு அளக்கப்பட்டதில்லை.

மாலை வானம் சிவப்பதை அவர்களால் விளக்க முடியுமா?

சூரியன் உச்சியில் இருக்கும்போது அதன் ஒளி கடக்கும் காற்றைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றை அடிவானத்தில் கடக்கிறது. அந்த நீண்ட வழியில் நீலம் சிதறிப்போய் சிவப்பு மிஞ்சுகிறது. 20 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் ஒளி கடப்பது மூன்று மடங்குகூட இல்லை. நம் ஊரில் அஸ்தமனத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் முன்பே சூரியன் அந்த உயரத்தில் இருக்கும். அப்போதைய வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தட்டைப் பூமியின் 'அஸ்தமனம்' அந்த வெள்ளை வெயிலில் நடக்க வேண்டும்.

சூரியன் எந்தத் திசையில் உதிக்கிறது என்பதில் ஏதாவது வித்தியாசம் வருமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், ஏனோ கேட்பதில்லை. மற்ற வாதங்கள் உயரத்தையும் அளவையும் பற்றியவை. காற்று, லென்ஸ், வளைவு என்று ஏதாவது சொல்லி நழுவ இடம் உண்டு. திசையில் அந்த வசதி கிடையாது.

சம இரவு நாளில் உலகம் முழுவதும் சூரியன் நேர் கிழக்கே உதிக்கும். சென்னையிலும் சிட்னியிலும் கேப்டவுனிலும் அப்படித்தான். தட்டைப் படத்தில் சென்னையைக் குறித்து, காலை ஆறு மணிக்குச் சூரியன் இருக்கும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கோட்டால் இணையுங்கள். கோடு வடகிழக்கே போகிறது: வடக்கிலிருந்து 49 பாகை. சிட்னிக்குப் போட்டால் 36 பாகைதான். கிழக்கைவிட வடக்குக்கே நெருக்கம். திசைகாட்டி வைத்திருக்கும் பள்ளி மாணவனுக்குக்கூட இந்தப் பிழை தெரிந்துவிடும். டிசம்பரில் சிட்னி, கேப்டவுன் போன்ற ஊர்களில் சூரியன் தென்கிழக்கே உதிக்கிறது. தட்டில் அது நடக்கவே முடியாது. சூரியனின் வட்டம் முழுவதும் அவர்களுக்கு வடக்கே அல்லவா இருக்கிறது.

கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி மாலையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, எதிர்ப் பக்கம் நிலா எழுவதைப் பார்க்கக் கூட்டம் சேரும். ஒன்றைப் பார்த்தபின் மற்றொன்றைப் பார்க்க முழுதாகத் திரும்பி நிற்க வேண்டும். தட்டைப் படத்தில் கோடு போட்டால் சூரியன் வடமேற்கிலும் நிலா வடகிழக்கிலும் விழும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம்தான். கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நின்றால் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம் என்றாகிறது.

சூரியன் மேருவை வலம் வருவதாக நம் பழைய இலக்கியத்திலும் இருக்கிறதே? அப்படியானால் தட்டைப் பூமி நம் முன்னோர் கொள்கையா?

சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலேயே சூரியன் பொற்கோட்டு மேருவை வலமாகத் திரிவதாக வருகிறது. நடுவில் மலை, சுற்றிலும் தட்டு, மேலே வட்டமடிக்கும் சூரியன் என்ற புராண உலகப்படம் இன்றைய தட்டைப் பூமிப் படத்தோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. புராணக்காரர்களிடம் சூரியனை மறைக்க ஒரு மலை இருந்தது. இன்றைய தட்டைப் பூமிக்காரர்கள் மலையை எடுத்துவிட்டு வட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் மறைப்பதற்குக் காற்று, டார்ச், வளைந்த ஒளி என்று அலைகிறார்கள். இருவரில் மேரு சொன்னவரிடம் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அந்த மேருவையும் இந்த நாட்டு வானியலாளர்கள் விட்டுவைக்கவில்லை. 1150இல் எழுதி முடித்த சித்தாந்த சிரோமணியில் இரண்டாம் பாஸ்கரர் கேட்ட கேள்விகளின் சாரம் இது: பூமி கண்ணாடிபோல் சமதளம் என்றால், மேலே சுற்றும் சூரியன் தேவர்களுக்குத் தெரிவதுபோல் மனிதர்களுக்கும் எப்போதும் தெரியாதது ஏன்? இரவுக்குக் காரணம் பொன்மலைதான் என்றால், நமக்கும் சூரியனுக்கும் நடுவே நிற்கும்போது அது கண்ணில் படாதது ஏன்? மேரு வடக்கே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பாதி ஆண்டு சூரியன் தெற்கே தள்ளி உதிப்பது எப்படி?

மேலே நாம் போட்ட இரண்டு கணக்குகளும் — நள்ளிரவில் 14 பாகை, சிட்னிக்கு 36 பாகை — அவருடைய முதல், மூன்றாம் கேள்விகளுக்கு எண் வடிவம் கொடுத்தவை, அவ்வளவுதான். அவருக்கும் ஆறரை நூற்றாண்டு முன்பு, 499இல், ஆரியபட்டர் உதய அஸ்தமனத்துக்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று எழுதிவிட்டார். ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரை பின்னால் போவதாகத் தெரிவதுபோல, நிலையான விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்பது அவர் தந்த விளக்கம். முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இவர்களையும் சேர்த்து அழைப்பது நியாயம்.

மேகத்தின் இடுக்கில் கதிர்கள் விசிறிபோல் விரிந்து வருவது, சூரியன் பக்கத்தில் இருப்பதைத்தானே காட்டுகிறது?

இணையான கதிர்கள் நம்மை நோக்கி வரும்போது விரிவதாகத் தெரிகின்றன; தண்டவாளம் செய்யும் அதே வேலை. சில மாலைகளில் அதே கதிர்கள் தலைக்கு மேலாகக் கடந்து கிழக்கு அடிவானத்தில் மறுபடி குவிவதையும் பார்க்கலாம். சூரியன் கிழக்கிலும் ஒன்று இருக்கிறதா என்ன? அஸ்தமனத்துக்குத் தூரத்தோற்றத்தைத் துணைக்கு அழைப்பவர்கள், இங்கே மட்டும் அதை மறந்துவிடுகிறார்கள்.

உயரமான இடத்தில் சூரியன் தாமதமாக மறையும் என்பது உண்மையா?

உண்மை, அதற்குச் சமயச் சட்டமே இருக்கிறது. துபாயின் புர்ஜ் கலீபாவில் வசிப்பவர்கள் ரமலான் நோன்பை எப்போது திறப்பது என்ற கேள்விக்கு 2011இல் அங்குள்ள சமய அறிஞர்கள் விடை சொன்னார்கள்: 80ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150ஆம் மாடிக்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். உருண்டைப் பூமியில் உயரத்துக்கு ஏற்ப அடிவானம் எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டால் 150ஆம் மாடிக்கு மூன்று நிமிடத்தை ஒட்டியே வருகிறது.

தட்டைப் பூமியில் 600 மீட்டர் ஏறினால் 15,000 கி.மீ. தொலைவில் இருக்கும் சூரியனின் கோணம் ஒரு பாகையில் ஐந்நூறில் ஒரு பங்குதான் மாறும். அதுவும் எதிர்த் திசையில்: மேலே ஏற ஏறச் சூரியன் தாழ்ந்து தெரிய வேண்டும்.

அண்டார்க்டிகாவுக்குப் போய் நேரில் பார்த்தார்களாமே?

தென் துருவத்தில் அமெரிக்காவின் ஆய்வு நிலையம் 1957 முதல் இயங்குகிறது. அங்கே ஆறு மாதம் சூரியன் மறைவதில்லை என்பது அதில் வேலை செய்த அனைவருக்கும் தெரியும். ஆனால் "அவர்கள் எல்லோரும் கூட்டாளிகள்" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதனால் கொலராடோவைச் சேர்ந்த பாதிரியார் வில் டஃபி வேறு வழி யோசித்தார். தட்டைப் பூமிக்காரர்களையே அழைத்துப் போய்க் காட்டிவிடுவது. 'இறுதிப் பரிசோதனை' என்று பெயரிட்ட அந்தப் பயணம் 2024 டிசம்பரில் நடந்தது. சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து விமானத்தில் யூனியன் கிளேசியர் முகாமுக்கு இரு தரப்பினரும் போனார்கள். அங்கிருந்தே நேரலை செய்தார்கள்.

அந்த முகாம் ஏறக்குறைய 80 பாகை தென் அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் நடுவில் அங்கே நண்பகலில் சூரியன் 33 பாகை உயரத்தில் வடக்கே நிற்கும். பிறகு இடப்பக்கமாக நகர்ந்து மேற்கு, தெற்கு, கிழக்கு என்று ஒரு முழுச் சுற்று வரும். நள்ளிரவில் நேர் தெற்கே, 13 பாகை உயரத்தில் இருக்கும், மறைவதே இல்லை. தட்டைப் படத்தில் தெற்கு என்றால் பனிச்சுவருக்கு அப்பால், உலகத்துக்கு வெளியே. சூரியன் அங்கே போக வழியே கிடையாது. கேமரா அதைத்தான் பதிவு செய்தது.

பயணத்தில் இருந்தவர்களில் ஜெரன் கம்பனெல்லா, யூடியூபில் பல ஆண்டுகளாகத் தட்டைப் பூமியைப் பேசி வந்தவர். அங்கே 24 மணி நேரச் சூரியன் இல்லை என்று நம்பியது தவறு என்று கேமரா முன்பே ஒப்புக்கொண்டார். எளிதான காரியமல்ல, அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஊரில் இருந்த பழைய சகாக்கள் சிலர் அவரை விலைபோனவர் என்றார்கள், சிலர் எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது என்றார்கள். வேறு சிலர் அண்டார்க்டிகாவில் சூரியன் மறையாமல் இருப்பது தட்டைப் பூமிக்கும் பொருந்தும் என்று புதுப் படம் வரையத் தொடங்கினார்கள்.

வீட்டில் ஒருவர் இதை உறுதியாக நம்புகிறார். எப்படிப் பேசுவது?

நாசா, நிலவுப் பயணம், செயற்கைக்கோள் பக்கம் போகாதீர்கள். அங்கே போனால் யாரை நம்புவது என்ற சண்டைதான் மிஞ்சும். சித்தப்பாவோ மாமாவோ, அவரையே மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒரு காலை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். சூரியன் எந்தத் திசையில் எழுகிறது என்று அவரே திசைகாட்டியில் பார்க்கட்டும். பிறகு அவர் நம்பும் படத்திலேயே அவர் ஊரையும் சூரியனையும் குறித்துக் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டை அவர் போட வேண்டும், நீங்கள் போடக் கூடாது. கேலி செய்தால் அடுத்த முறை மாடிக்கே வர மாட்டார்.

நானே அளந்து பார்க்க விரும்புகிறேன். என்ன வேண்டும்?

திசைக்கு ஒரு திசைகாட்டி போதும். கைபேசியில் உள்ளது இரும்புக் கம்பி, கைப்பிடிச் சுவர் பக்கத்தில் தடுமாறும், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். உயரத்துக்கு ஒரு நேர்க் குச்சியும் அதன் நிழலும் போதும். சூரியனைப் பார்க்கவே வேண்டியதில்லை. அளவு மாறுகிறதா என்று பார்க்கத்தான் வடிகட்டி தேவை. கேமராவின் முன்பக்கத்தில், லென்ஸுக்கு வெளியே, சூரியனுக்கென்றே விற்கும் வடிகட்டியைப் பொருத்தி, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் ஒரே ஜூம் அளவில் படம் எடுத்து அகலத்தை ஒப்பிடுங்கள். வெறும் கண்ணால் பார்ப்பதென்றால் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் குறித்த கிரகணக் கண்ணாடி மட்டுமே. எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடித் துண்டு எதுவும் உதவாது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ, ஜூம் கேமராவின் கண் துளையிலோ பார்க்கவே கூடாது. குவிந்து வரும் ஒளி கண்ணாடியையும் பொசுக்கி விழித்திரையையும் கெடுத்துவிடும்.